ஏழாம் படுக்கைக்கு எட்டு

செவ்வாய்க்கிழமை, காலை 11:05.

ஏழாம் படுக்கைக்காரர் தூங்குகிறார் என்றுதான் அவர் மனைவி நினைத்தாள். பஸ் ஓட்டுகிற மனிதர், நாற்பத்தாறு வயது. முந்தின நாள்தான் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூடப் பதினொரு மணிவரை அவர் தூங்கியதில்லை. "பாவம், இன்னிக்காவது தூங்கட்டும்" என்று போர்வையை இழுத்துவிடக் குனிந்தவள், அவர் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்தாள். அவள் போட்ட அலறலில் வார்டு மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது, அவர் ஒருவரைத் தவிர.

11:40-க்குள் காரணம் தெரிந்துவிட்டது. தலைமாட்டில் இருந்த மருந்துப் பம்பு அவருக்கு வலிமருந்தை இரண்டுக்குப் பதிலாக எட்டு அளவு செலுத்தியிருந்தது. வார்டு மேசையிலிருந்த பதிவுத் தாளில் கறுப்பு வெள்ளையாக இருந்தது: 9:12:07, படுக்கை 7, அளவு 8. டாக்டர் எழுதிய சீட்டில் இரண்டு. திரையில் எண்ணைத் தட்டியது நர்ஸ். வேறென்ன வேண்டும்? பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரி மொத்தமும் அவளைக் கொலைகாரி ஆக்கிவிட்டது.

பகல் 12:30-க்கு ஆய்வாளர் வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதுக்காரி. கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் சொருகியிருக்கும், யோசனை வந்தால் அது வாய்க்குப் போய்விடும். ஸ்டேஷனில் அவளுக்குப் 'பென்சில்' என்றே பெயர். போலீசுக்கு வருவதற்கு முன் எட்டு வருஷம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். "அங்கேயும் ஒளிஞ்சிருக்கிறவனைத்தான் தேடினே, இங்கேயும் அதையேதான் பண்றே. சம்பளம்தான் குறைஞ்சுபோச்சு" என்று அவள் கணவர் கிண்டல் செய்வார்.

நர்ஸ் மருந்து அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து முகம் வீங்கியிருந்தது.

"எத்தனை போட்டே?"

"ரெண்டு மேடம்."

"எட்டுன்னு பதிவாகியிருக்கே?"

"ரெண்டுதான் போட்டேன். ஒன்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். ரெண்டுக்கும் எட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"பக்கத்துல யாராவது?"

"தலைமை நர்ஸ் அந்தக் கோடித் திரையில நாலாம் படுக்கைக்குப் போட்டுட்டு இருந்தாங்க. அந்த நோயாளிக்குப் புற்றுநோய். அவருக்கு எட்டு சரியான அளவுதான்."

வெளியே நடைக்கூடத்தில் செத்தவரின் மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள், மடியில் அவருடைய கைக்கடிகாரம். "அவளை வெளியே விடுங்கடி! என் புருஷனைக் கொன்னுட்டு உள்ளே ஒளிஞ்சுக்கிட்டாளா?" என்று கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு கத்தலுக்கும் உள்ளே நர்ஸின் தோள் குலுங்கியது. பென்சில் தலைமை நர்ஸைத் தேடிப் போனாள்.

தலைமை நர்ஸ் பதிவுத் தாள்களைக் கட்டாக எடுத்துக் கொடுத்தார். தாளுக்குக்கூடக் கையெழுத்து வாங்கித்தான் தருகிற ஆள். "பத்து நாளா ஒரு நல்லது நடந்திருக்கு மேடம். முன்னே ஒரு கட்டுப் பேப்பர் ஒரு வாரத்துல தீரும். இப்ப பாதிதான் செலவாகுது."

"ஏன்?"

"யாருக்குத் தெரியும்? மிஷினுக்கே மனசு வந்து சிக்கனமாயிடுச்சு போல."

நாலாம் படுக்கைக்கான பதிவைப் பென்சில் தேடினாள். அதே பக்கத்தில், ஏழுக்கு நேர் மேலே இருந்தது: 9:12:07, படுக்கை 4, அளவு 8. அதே மணி, அதே நிமிஷம், அதே நொடி.

புதன்கிழமை, காலை 9:30.

பம்புகளை ஆட்டிவைக்கிற புரோகிராமை எழுதிய நிறுவனத்தின் நான்காவது மாடி. வாசலிலேயே பென்சிலுக்கு மேலதிகாரியிடமிருந்து போன். "இன்னும் என்னம்மா தேடிட்டு இருக்கே? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நர்ஸைக் கைது பண்ணி ரிப்போர்ட் அனுப்பு. பத்திரிகைக்காரங்க தலையைத் தின்றாங்க." பென்சில் "சரி சார்" என்றாள். சரி என்று சொல்வதற்குக் காசா பணமா?

தலைமைப் பொறியாளரை அங்கே எல்லோரும் 'பேராசிரியர்' என்றார்கள். குட் மார்னிங் சொன்னால்கூட அரைமணி நேரம் பாடம் எடுப்பார்.

"உங்க புரோகிராம்ல தப்பு இருக்க வாய்ப்பு உண்டா?"

"கிடையாது."

"அவ்வளவு உறுதியா?"

"முன்னே இது சி மொழியில இருந்துச்சு. அது ஆபத்துன்னு நானே ஒத்துக்கறேன். சி-யில நீங்க பத்து அறை கேட்டு வாங்கிட்டுப் பதினோராவது அறைக்குள்ள நுழைஞ்சாலும் யாரும் தடுக்க மாட்டாங்க. காலி பண்ணிக் கொடுத்த வீட்டுக்குள்ளயே மறுபடி போய்ப் படுத்துக்கலாம். அங்கே இப்ப யார் சாமான் இருக்கோ, அது நாசம். மூணு வருஷம் முன்னாடி எல்லாத்தையும் ஜாவாவுக்கு மாத்தினோம். இதுல இல்லாத அறைக்குள்ள போனா அங்கேயே காலரைப் பிடிச்சு நிறுத்திடும். இதுக்குப் பேர்தான் நினைவகப் பாதுகாப்பு. சான்றிதழே இருக்கு."

"அடுத்தவன் வீட்டுக்குள்ள போக முடியாது, சரி. ஒரே வீட்டுல ரெண்டு பேர் ஒரே சிலேட்டுல கை வெச்சா?"

பேராசிரியர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைத் திரும்பிப் பார்த்தார்.

"அது... அது வேற விஷயம் மேடம். அதெல்லாம் சோதனையில வந்திருக்கும். நம்ம சோதனைக்காரர் ஒரு வருஷம் சலிச்சிருக்கார்."

"சிலேட்டு இருக்கா, இல்லையா?"

இருந்தது. புரோகிராமுக்குள் இரண்டு இழைகள் ஒரே சமயத்தில் ஓடின. இரண்டு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் திரையில் தட்டியதை ஒருவன் சிலேட்டில் எழுதுவான், முதலில் படுக்கை எண், பிறகு அளவு. புது எண் வந்திருக்கிறதா என்று இன்னொருவன் பார்த்துக்கொண்டே இருந்து, முதலில் படுக்கையைப் படிப்பான், பிறகு அளவைப் படித்துப் பம்புக்குச் சொல்வான். ஒருவன் கை வைத்திருக்கும்போது மற்றவன் காத்திருக்க ஒரு பூட்டுப் போடவேண்டும். போட்டிருக்கவில்லை.

10:40.

கடைசியாகப் புரோகிராமில் கை வைத்தவள் முப்பது வயதுப் பெண். வேண்டாத வரி எதைக் கண்டாலும் பெருக்கித் தள்ளுவாள் என்பதால் 'தொடப்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். இன்று சிரிக்கவில்லை.

"பத்து நாள் முன்னாடி என்ன மாத்தினே?"

"ஒண்ணும் சேர்க்கலை மேடம். எடுத்தேன். தொண்ணூத்தி நாலு வரி. எல்லாம் குப்பை. யாரும் கூப்பிடாதது, உள்ளே என்ன நடக்குதுன்னு அச்சடிச்சுக் காட்டற பழைய பிரிண்ட்டு, அந்த மாதிரி."

"கணக்குப் போடற வரி ஏதாவது?"

"சத்தியமா இல்ல. ஒவ்வொண்ணுக்கும் சோதனைக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கித்தான் எடுத்தேன். எல்லாத்தையும் அன்னிக்கே பார்த்துக் குடுத்துட்டார். ஒண்ணே ஒண்ணுக்குத்தான் ரெண்டு நாள் ஆச்சு."

"எதுக்கு?"

"ஞாபகம் இல்லையே மேடம். அதுவும் ஒரு பிரிண்ட்டுதான்னு நினைக்கிறேன்."

11:30.

சோதனைக்காரர் டீ வரவழைத்துக் கொடுத்தார். தணிந்த குரல், நரை ஓடிய மீசை. 'பொறுமை சார்' என்று அவரைக் கூப்பிட்டார்கள். பதினாறு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை என்றாள் தொடப்பம்.

"பழைய பதிவெல்லாம் வேணும் சார்."

"பழசு ரொம்பப் பெரிசு மேடம். போன வாரத்தது இந்தாங்க."

"சரி. ரெண்டு ஆர்டர் ஒரே நொடியில வந்தா என்ன ஆகும்னு எனக்குக் காட்டுங்க. நடுவுல நடுவுல பிரிண்ட் போட்டு ஓட்டுங்க, என்ன நடக்குதுன்னு திரையில பார்த்துடலாம்."

"பிரிண்ட் வேண்டாம் மேடம். பிரிண்ட் போட்டா ஒண்ணும் வராது." சொல்லிவிட்டு அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அதாவது, திரை நிறைஞ்சுடும். கண்ணுக்குப் பிடிபடாது."

பென்சில் வாய்க்குப் போனது.

பிரிண்ட் இல்லாமலே இரண்டாயிரம் தடவை ஓட்டிக் காட்டினார். ஒன்றுகூடப் பிசகவில்லை. "பாருங்க, சுத்தம்" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. ஆஸ்பத்திரிகளில் ஒரு மாதத்துக்கு எத்தனை ஆர்டர் போகும் என்று பென்சில் கேட்டாள். லட்சத்துக்கு மேல் என்றார்.

மதியம் 1:15.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போயிருக்க, பென்சில் தொடப்பத்தை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உனக்கு ரஸ்ட் மொழி தெரியுமா?"

"வீட்டுல சும்மா எழுதிப் பார்ப்பேன் மேடம்."

"அந்தச் சிலேட்டை மட்டும் அதுல எழுது. இங்கே இருக்கிற மாதிரியே. ஒரு இழை எழுதணும், ஒரு இழை படிக்கணும். பூட்டுக் கூடாது."

இருபது நிமிஷத்தில் எழுதினாள். எழுதியதைச் சரிபார்த்து ஓடத் தயாராக்குகிற கம்பைலர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சிவப்பு எழுத்தில் அந்தச் சிலேட்டின் பெயரையே சுட்டிக்காட்டி, இதை இரண்டு இழைகள் இப்படிப் பகிர்ந்துகொள்ள விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. தொடப்பம் அந்தச் சிவப்பு வரியை இரண்டு தடவை படித்தாள்.

"ஜாவா ஏன் மேடம் ஒண்ணும் சொல்லலை?"

"அது சொல்லாது. எழுதறவன் பார்த்துப்பான்னு விட்டுடும். கோ மொழியிலயும் ஓடிடும். மோப்பம் பிடிக்க அதுல ஒரு கருவி இருக்கு, ஆனா நீ அதைப் போட்டு ஓட்டணும், ஓட்டும்போது அந்த வழியில ரெண்டு பேரும் போகணும். பைத்தான்ல இதுவரைக்கும் பெரும்பாலும் ஒரு நேரத்துல ஒருத்தன்தான் ஓடறான். ஆனா ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல முறை மாறிடலாம். சி-யைப் பத்திப் பேசவே வேண்டாம்."

"அப்போ ரஸ்ட்ல எழுதியிருந்தா அவர் உயிரோட இருந்திருப்பாரா?"

"படுக்கைக்கு ஒரு பூட்டு, அளவுக்குத் தனியா ஒரு பூட்டுன்னு போட்டிருந்தா அதுவும் சரின்னு விட்டிருக்கும். தப்பு அப்பவும் வந்திருக்கும். ஏழும் ரெண்டும் ஒரே மனுஷனோடதுன்னு எந்த மொழிக்கும் தெரியாதும்மா. அதை நாமதான் சொல்லணும்."

பிறகு கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் வார்டிலிருந்து கொண்டுவந்தவை. ஒன்று நேற்றையது, வரிகள் நெருக்கமாக இருந்தன. மற்றது ஒரு மாதப் பழசு. அதில் ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் ஒரு வரி காலியாக இருந்தது.

தொடப்பம் அந்தக் காலி வரிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அந்தப் பிரிண்ட்டு... அது வெத்து வரிதான் மேடம். அதுல ஒண்ணுமே இருக்காது. குப்பைன்னுதான்..."

"அது எந்த இடத்துல இருந்துச்சு?"

"படிக்கிற இழையில. படுக்கையைப் படிச்சதுக்கப்புறம், அளவைப் படிக்கறதுக்கு முன்னாடி." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ."

"முதல்ல பேராசிரியரைக் கூப்பிடு. இந்தப் புரோகிராம் ஓடற எல்லா ஆஸ்பத்திரிக்கும் இப்பவே போன் போகணும். பம்பைக் கையால ஓட்டச் சொல்லு. அழறதெல்லாம் அப்புறம் அழுதுக்கலாம்."

பதினோரு ஆஸ்பத்திரிகள். கடைசி போன் முடியும்போது மணி 2:50.

3:10.

கூட்ட அறையில் நான்கு பேர் இருந்தார்கள். சோதனைக்காரர் ஜன்னலோரமாக உட்கார்ந்து கைவிரல்களைக் கோத்து வைத்திருந்தார்.

"நேத்து காலையில 9:12-க்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்" என்றாள் பென்சில். "எழுதறவன் சிலேட்டுல நாலு, எட்டுன்னு எழுதினான். படிக்கிறவன் படிச்சு நாலாம் படுக்கைக்கு அனுப்பிட்டான். அந்த நொடியே நர்ஸோட ஆர்டர் வந்துச்சு. எழுதறவன் நாலை அழிச்சு ஏழுன்னு எழுதினான். எட்டை இன்னும் அழிக்கலை. அதுக்குள்ள படிக்கிறவன் முந்திக்கிட்டான். ஏழு, எட்டு. நர்ஸ் போட்ட ரெண்டு சிலேட்டுக்கு வந்து சேர்ந்தப்போ படிக்க ஆளே இல்லை."

"ஆனா மூணு வருஷமா ஒழுங்கா ஓடிச்சே!" என்றார் பேராசிரியர்.

"இல்லையே சார். முதல் வருஷம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே ஒருத்தர் புகார் எழுதியிருக்கார். நாப்பதாயிரம் தடவைக்கு ஒருக்கா அளவு மாறுதுன்னு. மூணாம் நாள் அதே ஆள் புகாரை மூடிட்டார். 'மறுபடி வரவில்லை'ன்னு காரணம் போட்டு. நடுவுல என்ன ஆச்சு? இருக்கிற ஒவ்வொரு வரியையும் யார் எழுதினாங்கன்னு நேத்தே எல்லாரும் பார்த்துட்டீங்க. இல்லாமப் போன வரியை யார் எழுதினாங்கன்னு யாரும் கேட்கலை. நானும் இந்தப் பொண்ணும் புரோகிராமோட பழைய மாற்றங்களைத் தோண்டி எடுத்தோம். புகார் எழுதின மறுநாள், படிக்கிறவனோட ரெண்டு வேலைக்கு நடுவுல ஒரு பிரிண்ட் வந்திருக்கு. முதல் நாள் அது எண்களைக் காட்டிச்சு. நியாயம்தான், திருடனைப் பிடிக்க விளக்கு ஏத்தறது. ஆனா அதுக்கடுத்த நாள் எண்களை எடுத்துட்டு வெத்து வரியா மாத்தியிருக்கு. ஏன் சார்?"

சோதனைக்காரர் கோத்த விரல்களைப் பிரித்து மறுபடி கோத்தார்.

"பார்க்கணும்னு நினைக்கிறவர் எண்ணைத்தான் அச்சடிப்பார். ஒண்ணுமில்லாததை அச்சடிக்கிறவருக்குப் பார்க்கிறதுக்கு ஒண்ணும் வேண்டாம். அச்சடிக்க ஆகுமே, அந்தத் துளி நேரம், அதுதான் வேணும். அதுக்குள்ள எழுதறவன் எழுதி முடிச்சுடுவான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதனாலதான் இன்னிக்குக் காலையில, நான் ஒண்ணுமே சொல்லாதப்போ, 'பிரிண்ட் போட்டா ஒண்ணும் வராது'ன்னு வாயை விட்டீங்க. எது வராது சார்?"

சோதனைக்காரர் ஜன்னலிலிருந்து பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"சான்றிதழுக்கு நாலே நாள் இருந்துச்சு" என்றார் அவர், அதே தணிந்த குரலில். "தப்பு இருக்குன்னு சொன்னேன். 'எங்கே, என் கண் முன்னாடி காட்டு'ன்னார் பேராசிரியர், இருபது பேர் முன்னாடி. அப்பன்னு பார்த்து வரலை. எல்லாரும் சிரிச்சாங்க. பிடிக்கறதுக்காகத்தான் பிரிண்ட் போட்டேன். போட்டதும் அது ஒளிஞ்சுக்கிச்சு. லட்சம் தடவை ஓட்டினேன், ஒரு தடவைகூட வரலை. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"அதுவரைக்கும் கோழைத்தனம்னு சொல்லலாம். பத்து நாள் முன்னாடி இந்தப் பொண்ணு அந்த வரியை எடுக்கறேன்னு கையெழுத்துக்கு வந்தா. தொண்ணூத்தி மூணு வரிக்கு அன்னிக்கே கையெழுத்து. தேதியைப் பார்த்தோம், இந்த ஒரு வரிக்கு மட்டும் ரெண்டு நாள். ரெண்டு நாளா என்ன யோசிச்சீங்க?"

அவர் கண் கலங்கியது. "வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேட்பா. ஏன்னு சொன்னா மூணு வருஷமும் வெளியே வந்துடும்."

"அதனால போட்டீங்க."

"போட்டேன்."

"நேத்து மத்தியானம் நர்ஸ்தான் கொன்னுட்டான்னு ஊரே சொல்லிச்சே. அப்பவாவது?"

சோதனைக்காரர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பேராசிரியர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குச் சொல்ல ஒரு பாடமும் அகப்படவில்லை. தொடப்பம் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தேம்பினாள். "நான்தானே மேடம் எடுத்தேன்? என் கையாலதானே எடுத்தேன்?"

"உனக்குத் தெரியாதும்மா" என்றாள் பென்சில். "தெரிஞ்சவர் அங்கே உட்கார்ந்திருக்கார்."

4:35.

ஆஸ்பத்திரி நடைக்கூடம். ரிப்போர்ட் போய்விட்டது. அதில் இருந்த பெயர் நர்ஸுடையது இல்லை.

செத்தவரின் மனைவியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து பென்சில் எல்லாவற்றையும் சொன்னாள். இழை, மொழி, பிரிண்ட் எதுவும் இல்லாமல், ஒரு சிலேட்டும் இரண்டு ஆட்களுமாகச் சொன்னாள். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தெரிஞ்சே இருந்தாரா அந்த ஆள்?"

"தெரிஞ்சேதான் இருந்தார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வீட்டுக்கு வந்திருப்பார்."

அவள் கைக்கடிகாரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். மருந்து அறையின் கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்தாள். இந்தப் பக்கம் வரப் பயந்து அங்கேயே நின்றாள். மனைவி சுவரைப் பிடித்து எழுந்து அவளிடம் போனாள்.

"நேத்து உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"அதை விடுங்கக்கா."

"நீ ரெண்டு ரெண்டுன்னு சொல்லிட்டே இருந்தே. நான் காது குடுக்கலை." அவள் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "அவருக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லக்கா. தூக்கத்துலயே போயிட்டார். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல் தானாகவே மறுபடி வந்தது. "நான் ரெண்டுதான்க்கா போட்டேன்."

"தெரியும்டி" என்று அவள் நர்ஸின் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள். "ரெண்டுதான் போட்டே."